சந்தா கட்டும் காசு தேறுகிறதா, எப்படிக் கணக்குப் பார்ப்பது? (இணைய மன்ற உரையாடல்; நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்)

4 பிப்ரவரி, இரவு 9.40 · மாசக்கடைசி

சந்தாக்களைக் களையெடுக்க யோசனை கேட்டால் எங்கே போனாலும் ஒரே பதில்தான் வருகிறது: மாதக் கட்டணத்தைப் பயன்படுத்திய தடவையால் வகு, ஒரு தடவைக்கு விழும் காசு அதிகமாக இருந்தால் நிறுத்து. பாட்டுச் சந்தாவுக்கு இது சரிப்படும். கோப்புகளின் நகலை இணையத்தில் காத்து வைக்கும் கிளவுட் பேக்கப்பை இப்படி வகுக்கப்போனால் பயன்படுத்தியது சைபர். சைபரால் எதை வகுப்பது? படம் எடிட் செய்யும் மென்பொருளை மாதத்தில் இரண்டு நாள் திறந்தால் அதிகம், ஆனால் அந்த இரண்டு நாளும் அது இல்லாமல் வேலை ஓடாது. வகுத்தல் கணக்கே தப்பு என்பது என் கட்சி. வேறு கணக்கு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு 10.25 · வரவுசெலவு

தப்பு என்று தள்ள வேண்டாம், பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். வகுத்து வரும் எண் அதிகமா குறைவா என்று எதை வைத்துச் சொல்வது? அதே காரியத்தைச் சந்தா இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் காசு கொடுத்து முடித்தால் ஆகும் செலவை வைத்து.

டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஜிம் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் 3 ஜிம்கள், 7,752 உறுப்பினர்கள், 3 ஆண்டு வருகைப் பதிவு. மாதச் சந்தாக்காரர்கள் 70 டாலருக்கு மேல் கட்டிவிட்டு மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவை வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் 10 தடவைக்கான பாஸ் எடுத்திருந்தால் தடவைக்கு 10 டாலர். 17 என்பது தனியாக நின்றால் அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் 10 இருப்பதால்தான் நஷ்டம் தெரிகிறது.

அடுத்து, எந்தச் சந்தாவை வகுக்கலாம் என்பது. படம், பாட்டு, செய்தி, ஜிம் போல அனுபவித்துத் தீர்ப்பவற்றை வகுக்கலாம். கருவி போன்றவற்றை (எடிட்டிங், கணக்கு எழுதும் மென்பொருள்) வகுத்தால் ஏமாறுவோம். அது இல்லாத மாதத்தில் அந்த வேலையை வெளியே கொடுத்தால் என்ன ஆகும், இலவச மென்பொருளில் செய்தால் எத்தனை மணி நேரம் கூடும், அதுதான் கேள்வி. கிடங்கு போன்றவற்றில் (கிளவுட் இடம், வெப்சைட் ஹோஸ்டிங்) உபயோகமே கணக்கில் வராது, சரக்கை வெளியே எடுக்க ஆகும் பாடுதான் கணக்கு. நீங்கள் கேட்ட பேக்கப்பும் பாஸ்வேர்டு மேனேஜரும் காவலுக்கு வைப்பவை. பேக்கப்பில் உபயோகம் சைபராக இருப்பது நல்ல செய்தி. தேவைப்படும் அன்று வேலை செய்யுமா என்று சோதித்திருக்கிறோமா, அதை மட்டும் பார்த்தால் போதும்.

5 பிப்ரவரி, காலை 7.10 · பழைய மோடம்

அந்த ஜிம் ஆய்வுல இன்னொரு எண் இருக்கே. கடைசியா ஜிம்முக்குப் போன நாளுக்கும் சந்தாவை நிறுத்தின நாளுக்கும் நடுவுல சராசரி 2.3 மாசம். ஆள் இளைக்கல, பர்ஸ் இளைச்சிருக்கு.

5 பிப்ரவரி, காலை 11.30 · சில்லறை

அப்படியானால் ஆண்டுச் சந்தாவே மேல் இல்லையா? எப்படியும் நிறுத்த மறக்கப் போகிறோம், "2 மாதம் இலவசம்" என்று தள்ளுபடியாவது கிடைக்குமே.

5 பிப்ரவரி, மதியம் 1.05 · வரவுசெலவு

இதற்குக் கூட்டல் கழித்தலே போதும். 10 மாதக் காசுக்கு 12 மாதம் என்றால் தள்ளுபடி 16.7 சதவீதம். 10 மாதத்துக்கு முன்னால் விட்டுவிடுவீர்கள் என்றால் ஆண்டுச் சந்தா நஷ்டம், அதற்கு மேல் ஓடினால் லாபம்.

எத்தனை மாதம் ஓடும் என்று முன்கூட்டித் தெரியாதே என்பீர்கள். ஒவ்வொரு மாதமும் சலித்துப்போய் விட்டுவிட 5 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 12 மாதத்தில் சராசரியாக 9.2 மாதக் கட்டணம்தான் கட்டுவீர்கள். மாதச் சந்தா ஜெயிக்கிறது. வாய்ப்பு 3 சதவீதம் என்றால் 10.2 மாதம், ஆண்டுச் சந்தா ஜெயிக்கிறது. இரண்டும் சமமாகும் இடம் 3.4 சதவீதம் பக்கம். ஆக, புதிதாகச் சேரும் எதற்கும் மாதச் சந்தா, ஓர் ஆண்டு ஓட்டிய பிறகும் கைவிடாததற்கு ஆண்டுச் சந்தா. தள்ளுபடி 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஆண்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

5 பிப்ரவரி, இரவு 8.50 · பழைய மோடம்

கணக்கு சரி. ஆனா சலிச்ச அன்னைக்கே நிறுத்திடுவோம்னு வெச்சுக்கிட்டுப் போட்டிருக்கீங்க. காலையில நான் சொன்ன 2.3 மாசத்தை அதுல நுழைச்சுப் பாருங்க. சுலபத்துக்கு 2 மாசத் தாமதம்னு வெச்சா, அதே 5 சதவீதத்துக்குக் கட்டணம் 9.2-லிருந்து 10.03 மாசமா ஏறிடுது. மாசச் சந்தாவோட மொத்த லாபத்தையும் அந்த ரெண்டு மாச மறதி தின்னுடுது.

இன்னொண்ணு. அந்த ஆய்வுல மாசச் சந்தாக்காரங்கதான் ஓராண்டுக்கு மேலயும் தொடர்ந்திருக்காங்க, ஆண்டுச் சந்தாக்காரங்களைவிட 17 சதவீதம் அதிகமா. எப்ப வேணா விட்டுப் போகலாம்னு சேர்ந்தவங்கதான் போகாம இருந்திருக்காங்க. மாசச் சந்தா தானா நீளும், ஆண்டுச் சந்தாவை அவங்களாப் போய்ப் புதுப்பிக்கணும். வித்தியாசம் அவ்வளவுதான்.

6 பிப்ரவரி, காலை 6.45 · வரவுசெலவு

10.03 நல்ல எண், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் நிபந்தனையைக் கூடவே எழுதிவிடலாம்: நிறுத்துவதற்கு ஒரு தேதி குறித்து வைப்பவருக்குத்தான் மாதச் சந்தா லாபம். ஜிம்காரர்களின் ஆண்டுச் சந்தா தானாக முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். இன்றைக்கு ஆன்லைனில் விற்கும் ஆண்டுச் சந்தாக்கள் பெரும்பாலும் தாமாகப் புதுப்பித்துக்கொள்பவை. அங்கே மறந்தால் போவது இரண்டு மாதக் காசு இல்லை, பன்னிரண்டு மாதக் காசு.

6 பிப்ரவரி, மாலை 4.20 · சில்லறை

ஆண்டுச் சந்தாவுக்கு எதிராக ஒன்றை நானே சேர்த்துவிடுகிறேன். கோர்வில், சோமன் இருவரும் 1998-ல் எழுதியது, அதுவும் ஜிம்தான். (பாவம் ஜிம்காரர்கள், ஆய்வாளர்களிடம் மாட்டிக்கொண்டார்கள்.) ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுபவர்கள் கட்டிய கையோடு நிறைய வருகிறார்கள், பிறகு வருகை படிப்படியாகக் குறைகிறது, அடுத்த கட்டணம் கட்டியதும் மறுபடி ஏறுகிறது. கொடுத்த காசு மனதிலிருந்து மங்க மங்க உபயோகமும் மங்குகிறது. மொத்தமாகக் கட்டிய சந்தாவை எடைபோடும்போது முதல் மாத உபயோகத்தை 12-ஆல் பெருக்கக் கூடாது. பாதி காலம் கடந்த பிறகு ஒரு சாதாரண மாதத்தை எடுத்துப் பெருக்குங்கள்.

8 பிப்ரவரி, காலை 9.15 · மாசக்கடைசி

கணக்கெல்லாம் சரி, மொத்தம் என்னென்ன சந்தா ஓடுகிறது என்ற பட்டியல் வேண்டுமே. அதை முழுதாக எடுக்க வழி என்ன?

8 பிப்ரவரி, காலை 11.50 · வரவுசெலவு

ஸ்டேட்மென்ட்டில் தொடங்குங்கள். 12 மாதத்துக்கு எடுத்தால் போதாது, 13 மாதம் எடுங்கள். ஆண்டுக்கொரு முறை விழும் தொகை சில நாள் முன்பின் நகர்ந்தால் 12 மாத எல்லைக்கு வெளியே போய்விடும். எத்தனை கார்டு இருக்கிறதோ அத்தனைக்கும், வங்கிக் கணக்குக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். அதை விரிதாளில் போட்டு, தொகைவாரியாக அடுக்காமல் பெறுபவர் பெயர்வாரியாக அடுக்குங்கள். வெளிநாட்டு நாணயத்தில் விழும் சந்தா மாற்று விகிதத்தால் மாதாமாதம் வேறு வேறு தொகையாக வரும், தொகையை வைத்துத் தேடினால் சிக்காது.

ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயரும் சேவையின் பெயரும் பல நேரம் ஒத்துப்போகாது. பணம் வசூலிக்கும் இடைநிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். ஆப் ஸ்டோர் வழியாக எடுத்தவை ஒரே தலைப்பில் வரும், சில சமயம் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே தொகையாகப் பிடிப்பார்கள். அவற்றைப் பிரிக்க போனுக்குள்தான் போக வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தட்டி, சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் திறந்து, புரொஃபைல் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். இரண்டு கூகுள் கணக்கு வைத்திருந்தால் இரண்டிலும் பாருங்கள், பிளே ஸ்டோர் அந்த நேரம் திறந்திருக்கும் கணக்கின் பட்டியலைத்தான் காட்டும். பேபால் இருந்தால் அங்கே ஆட்டோமேட்டிக் பேமென்ட்ஸ் என்று தனிப் பக்கம் உண்டு. மொபைல் பில்லோடு ஒட்டிக்கொண்டு வரும் சந்தாக்கள் கடைசி ஒளிவிடம்.

ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியது நான்கே விஷயம்: தொகை, அடுத்து பிடிக்கும் தேதி, எந்த வழியாக எடுத்தது, நிறுத்தினால் எதை இழப்போம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஆப் ஸ்டோர் வழியாக எடுத்ததை அந்தச் சேவையின் வெப்சைட்டில் போய் நிறுத்த முடியாது, வெப்சைட்டில் எடுத்ததை ஆப் ஸ்டோரில் நிறுத்த முடியாது. பலர் ஒரு பக்கம் தேடிப் பார்த்துவிட்டு, சந்தாவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

8 பிப்ரவரி, மதியம் 12.10 · பழைய மோடம்

வழி மாறினா விலையும் மாறும். யூடியூப் பிரீமியத்தை ஐபோன் ஆப்புக்குள்ள எடுத்தா பல நாடுகள்ல வெப்சைட் விலையைவிடக் கூடுதல். ஆப்பிள் எடுக்கிற கமிஷனை நம்ம தலையில கட்டிடறாங்க. சில சந்தாவை நிறுத்தவே வேண்டாம், வழியை மாத்தினாலே காசு குறையும். பழசை நிறுத்தி, அதோட காலம் முடிஞ்ச பிறகு வெப்சைட்ல புதுசா எடுங்க. நடுவுல எடுத்தா ரெண்டு பக்கமும் பிடிக்கும்.

சந்தாவைக் கண்காணிக்கிற ஆப் எல்லாம் இருக்கு. அதுக்கும் மாசச் சந்தா உண்டு.

9 பிப்ரவரி, காலை 10.00 · சில்லறை

இவ்வளவு சிரமம் எதற்கு? கார்டு காலாவதியானால் எல்லாம் தாமாக அறுந்துபோகும். எது இல்லாமல் கை ஒடிந்தது போல இருக்கிறதோ அதை மட்டும் புது கார்டில் எடுத்தால் முடிந்தது.

9 பிப்ரவரி, காலை 10.40 · பழைய மோடம்

அறுந்து போகாது. விசா, மாஸ்டர்கார்டு ரெண்டு பேர்கிட்டயும் கார்டு விவரத்தைத் தானா புதுப்பிக்கிற ஏற்பாடு இருக்கு. உங்க வங்கி அதுல சேர்ந்திருந்தா, புது கார்டு நம்பரும் காலாவதித் தேதியும் சந்தாக் கம்பெனிக்குப் போய்டும். நீங்க உறையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே புது கார்டுல காசு பிடிச்சாலும் ஆச்சரியம் இல்ல.

9 பிப்ரவரி, இரவு 9.30 · வரவுசெலவு

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஐனவ், க்ளோபக், மஹோனி என்ற பொருளியலாளர்கள் மூவரும் அமெரிக்கக் கார்டுத் தரவை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். கார்டு மாற்றப்படும் மாதத்தில் சந்தாவை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை எகிறுகிறது. புது விவரம் கொடுக்கச் சொல்லிக் கேட்கும்போதுதான் பலருக்கு இது வேண்டுமா என்ற யோசனையே வருகிறது. இப்படிக் கவனிக்காமல் விடுவதால் விற்பவருக்குக் கூடும் வருமானம், சேவையைப் பொறுத்து, 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கு மேல் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆக சில்லறையின் யோசனை வேலை செய்யும், விவரம் தானாகப் போய்ச் சேராத இடத்தில் மட்டும்.

கார்டை முடக்கினால் ஒப்பந்தமும் முடிந்தது என்று நினைப்பது இதைவிட ஆபத்து. "ஆண்டுத் திட்டம், மாதத் தவணை" என்று ஒரு வகை விற்கிறார்கள். பார்க்க மாதச் சந்தா போல இருக்கும், கையெழுத்து ஓராண்டுக்கு. போட்டோஷாப் விற்கும் அடோபி அமெரிக்காவில் விற்கும் அப்படிப்பட்ட திட்டத்தில் 14 நாளுக்குப் பிறகு விலகினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். 4 மாதம் பயன்படுத்திவிட்டு விலகினால் மீதி 8, அதில் பாதி 4, மொத்தம் 8 மாதக் காசு. உண்மையில் ஒரு மாதத்துக்கு ஆனது இரட்டை விலை. இந்த விவரத்தை மறைத்து விற்றார்கள் என்று அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி கொடுத்த புகாரின் பேரில் அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் வழக்கே போட்டது. சேரும் பக்கத்தில் "மாதம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "ஆண்டு" இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்குங்கள்.

11 பிப்ரவரி, இரவு 8.15 · மாசக்கடைசி

பட்டியல் தயார். கிளவுட் இடத்தில்தான் சிக்கல். நிறுத்தினால் படங்கள் போய்விடுமா, இருக்குமா?

11 பிப்ரவரி, இரவு 10.40 · வரவுசெலவு

கூகுளை எடுத்துக்கொண்டு சொல்கிறேன், மற்றவை விவரத்தில் மாறும். இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. சந்தா முடிந்ததும் எதுவும் உடனே அழியாது. ஆனால் 15 ஜிபிக்கு மேல் இருந்தால் புதுப் படம் ஏறாது, முக்கியமாக ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். படத்துக்காகக் கட்டும் சந்தா என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் வங்கி மெயில் வராதபோதுதான் விழிக்கிறார்கள். அளவு மீறிய நிலையிலேயே 2 ஆண்டு கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

வெளியே எடுக்க, கூகுளின் டேக்அவுட் என்ற வசதி. போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்காதீர்கள். துண்டின் அளவாக 10 ஜிபி வையுங்கள். 50 ஜிபி வரை கொடுப்பார்கள், ஆனால் பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். தயாரான மெயில் வந்ததும் சுமார் ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும், அப்புறம் அந்த லிங்க் செத்துவிடும். பிரித்துப் பார்த்தால் படத்தோடு அதே பெயரில் ஒரு ஜேசன் கோப்பும் இருக்கும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு போட்டோஸுக்குள் போய்த் தேதி திருத்தி வைத்திருந்தால், எழுதிய குறிப்பு இருந்தால், அதெல்லாம் படத்துக்குள் இருக்காது, அந்த ஜேசனில்தான் இருக்கும். அது போனால் ஸ்கேன் செய்த தேதியிலேயே எல்லாப் படமும் வரிசையாக நிற்கும்.

இறக்கிய பிறகு சரிபாருங்கள். ஆண்டுவாரியான ஃபோல்டரில் இருக்கும் படங்களை ஆப்பில் தெரிவதோடு ஒப்பிட்டு, வீடியோக்களில் சிலவற்றை ஓட்டிப் பார்த்து, அப்புறம் சந்தாவில் கை வையுங்கள்.

இதற்கு ஆகும் உழைப்புதான் கிடங்குச் சந்தாவின் உண்மையான விலை. அது ஒவ்வொரு மாதமும் கூடுகிறது. 100 ஜிபியில் வெளியேறுவது ஒரு மாலை வேலை, 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) ஆன பிறகு வெளியேறுவது பல நாள் வேலை. சேரும்போதே வெளியேறும் வழியை ஒரு சின்ன ஆல்பத்தில் முயன்று பாருங்கள்.

12 பிப்ரவரி, காலை 7.30 · பழைய மோடம்

ஒரு குறுக்கீடு. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி சிங்க் பண்றதை, அதாவது எல்லாக் கருவியிலும் கோப்பை ஒரே மாதிரி வெச்சிருக்கிறதை, பேக்கப் கணக்குல எழுதாதீங்க. போன்ல அழிச்சா அங்கயும் அழியும். டிரைவ்ல குப்பைத்தொட்டிக்குப் போனது 30 நாள்ல காலி. கம்ப்யூட்டர்ல வைரஸ் கோப்புகளைப் பூட்டினா, பூட்டின கோப்பு அழகா சிங்க் ஆகும். பழைய பதிப்பு எத்தனை நாள் இருக்கும்னு சந்தாத் திட்டத்துல எழுதியிருக்கும், காவல் மதிப்பு அந்த எண்ணுலதான் இருக்கு. 30 நாள்னா, 31-ம் நாள் கவனிக்கிற தப்புக்கு அந்தச் சந்தா உதவாது. இடம் எத்தனை ஜிபின்னு பார்க்கறவங்க இதைப் பார்க்கறதில்ல.

சோதனை சுலபம். ஒரு ஃபோல்டரை வேற கம்ப்யூட்டர்ல மீட்டெடுத்துப் பாருங்க. வரலைன்னா, கட்டின காசு காணிக்கை.

14 பிப்ரவரி, மாலை 6.00 · சில்லறை

கருவிகள் பற்றி. நிரந்தர உரிமம் விற்கும் மென்பொருள் இருந்தால், அதன் விலையை மாதச் சந்தாவால் வகுத்தால் எத்தனை மாதத்தில் சமமாகும் என்று வரும். விலை 300, சந்தா 10 என்றால் 30 மாதம். ஆனால் நிரந்தரம் என்பதும் நிரந்தரம் இல்லை. 2019-ல் ஆப்பிள் கணினிகளின் மேக் ஓஎஸ் கேட்டலினா, 32-பிட் என்ற பழைய வகை மென்பொருளை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பழையவை ஒரே அப்டேட்டில் ஓடாமல் போயின. 30 மாதத்துக்குள் கணினி மாற்றும் திட்டம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

14 பிப்ரவரி, இரவு 9.10 · வரவுசெலவு

கூடவே, நிறுத்திய மறுநாள் என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 முடிந்தால் கோப்பைத் திறக்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது. கோப்பு வடிவத்தை வேறு இலவச மென்பொருளும் திறக்கும் என்பதால் அங்கே பயம் குறைவு. அடோபியின் படம் எடிட் செய்யும் லைட்ரூம் கிளாசிக்கில் டெவலப் (திருத்தும் பகுதி), மேப் இரண்டும் பூட்டிக்கொள்ளும், படத்தை அடுக்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும். புரோகிராம் எழுத உதவும் ஜெட்பிரெயின்ஸ் மென்பொருளில் தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், அந்தக் காலம் தொடங்கியபோது இருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுக்கு. இந்த மூன்றாவது வகைக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

மாதத்தில் இரண்டு நாள் மட்டும் தேவை என்றாரே மாசக்கடைசி. வேலையைச் சேர்த்து வைத்து ஆண்டில் நான்கு மாதம் மட்டும் எடுக்க முடியுமா என்று பாருங்கள். மாதத் திட்டத்தின் கட்டணம் தவணைத் திட்டத்தைவிட ஒன்றரை மடங்கு என்றாலும், 4 மாதத்துக்கு 6 பங்கு, ஆண்டுக்கு 12 பங்கு. பாதிக் காசு மிச்சம்.

15 பிப்ரவரி, காலை 8.00 · பழைய மோடம்

கருவியும் கிடங்கும் கலந்த விசித்திரம் ஒண்ணு: பிரிண்டர் மைச் சந்தா. எச்பி இன்ஸ்டன்ட் இங்க்ல மைக்குக் காசு இல்ல, பக்கத்துக்குக் காசு. ஒரு வரி அடிச்சாலும் ஒரு பக்கம், முழுப் பக்கக் கலர் படம் அடிச்சாலும் ஒரு பக்கம். அதனால படம் அடிக்கறவங்களுக்கு நல்ல லாபம், விலாசமும் ரசீதும் அடிக்கறவங்களுக்கு நஷ்டம். மைப் பெட்டி மேல போட்டிருக்கிற பக்க எண்ணிக்கை ஐஎஸ்ஓ 24711-ங்கிற சர்வதேசச் சோதனை முறையை வெச்சுச் சொல்றது. படம் அடிச்சா அந்த எண்ணிக்கைக்கு வராது, ஒப்பிடும்போது அதையும் பாருங்க.

ஆனா சந்தாவை நிறுத்தினா, நடப்பு மாசம் முடிஞ்சதும் அவங்க அனுப்பின பெட்டி வேலை செய்யாது, உள்ள மை தளும்பினாலும். நிறுத்தறதுக்கு முன்னாடி கடையில வாங்கின பெட்டி ஒரு செட் கையில இருக்கணும். பிரிண்டர் இன்டர்நெட்லயும் இருந்தாகணும். காகிதத்துல மை வைக்க சர்வர்கிட்ட அனுமதி.

15 பிப்ரவரி, காலை 8.25 · சில்லறை

பிஎம்டபிள்யூ கார் சீட்டுச் சூட்டுக்கே சந்தா கேட்டது, 2022-ல். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

17 பிப்ரவரி, இரவு 7.45 · வரவுசெலவு

ஃபேமிலி பிளானைத் தலைக்கு வகுக்கும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பேர் சேரலாம், ஆறால் வகுத்தால் சல்லிக்காசு என்பார்கள். தனியாக இருந்தாலும் தன் காசில் எடுப்பவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். அது இரண்டு என்றால் இரண்டால் வகுங்கள். மற்ற நால்வரும் சும்மா கிடைப்பதால் ஒட்டிக்கொண்டவர்கள், அவர்கள் உபயோகம் கணக்கில் வராது. பிளான் யார் கார்டில் ஓடுகிறதோ அவர் விலகினால் எல்லாருடைய சேமிப்பும் என்ன ஆகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 பிப்ரவரி, மாலை 5.30 · மாசக்கடைசி

இலவச டிரையல் எடுத்த கையோடு ரத்து செய்துவிடலாமா? காலம் முடியும்வரை ஓடுமா?

18 பிப்ரவரி, மாலை 6.10 · பழைய மோடம்

பெரும்பாலும் ஓடும், அதனால சேர்ந்த நிமிஷமே ரத்து பண்றதுதான் நல்ல பழக்கம். விதிவிலக்கு உண்டு. ஆப்பிளோட சொந்தச் சேவைகள்ல டிரையலை ரத்து பண்ணினா அப்பவே மூடிடும். அப்படிப்பட்டதுக்குக் காலண்டர்ல நினைவூட்டல் வைங்க, முடியற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ஆப்பிள் 24 மணி நேரம் முன்னாடியே ரத்து பண்ணச் சொல்லுது, கடைசி நாள் ராத்திரி வேலைக்கு ஆகாது. ஆப்பை போன்லிருந்து நீக்கினா சந்தா நிக்காது. இதை நம்பறவங்க இன்னும் இருக்காங்க.

20 பிப்ரவரி, காலை 9.50 · வரவுசெலவு

நிறுத்தும் பொத்தானை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்பதும் ஒரு செலவு. அமேசான் பிரைமை நிறுத்தும் வழி 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வு என்று எஃப்டிசி 2023-ல் போட்ட வழக்கில் எண்ணிக் காட்டியது. கம்பெனிக்குள் அதற்கு இட்ட பெயர் இலியட், நீண்ட போரைப் பாடும் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசமானது. சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று எஃப்டிசி 2024 அக்டோபரில் கொண்டுவந்த விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் நடைமுறைக் காரணத்தைச் சொல்லி ரத்து செய்துவிட்டது. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல் வெப்சைட்டில் ரத்துப் பொத்தான் கட்டாயம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடுவதைத் தடுக்க எந்த நாட்டிலும் சட்டம் இல்லை.

20 பிப்ரவரி, இரவு 10.20 · வரவுசெலவு

முதலில் எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு. 17 டாலரும் 10 டாலரும் என்று எழுதியதைப் படித்தால், பாஸ் எடுக்காதவர்கள் எல்லாரும் ஏமாளிகள் போலத் தோன்றும். அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. இன்டர்நெட் கட்டணத்தை ஆராய்ந்த லாம்பிரெக்ட், ஸ்கீரா இருவரும் 2006-ல், அளவுக்கேற்ற கட்டணம் மலிவாக இருந்தும் பலர் மாத மொத்தத்தையே தேர்வதற்குச் சில காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு மாதம் திடீரென்று பில் எகிறாது என்ற நிம்மதி ஒன்று. மீட்டர் ஓடுகிறதே என்ற உறுத்தல் இல்லாமல் அனுபவிப்பது இன்னொன்று. நிறையப் பயன்படுத்துவோம் என்ற மிகைக் கணிப்பு மற்றொன்று. முதல் இரண்டும் காசு கொடுத்து வாங்கத் தக்கவையே. மூன்றாவதுதான் வீண். செய்திச் சந்தா வைத்திருப்பவர், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகக் காசு கேட்டால் படிக்காமலே போய்விடுவார் என்றால், தடவைக் கணக்கில் நஷ்டமானாலும் அந்தச் சந்தா நியாயமானது. 17-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும் 7 எதற்காகப் போகிறது என்று ஒருவர் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

21 பிப்ரவரி, காலை 7.05 · பழைய மோடம்

"நிறையப் படிக்கப் போறேன்"னு சொல்றவங்க எல்லாம் மூணாவது கோஷ்டி. "படிக்கப் போறேன்"ல காலம் எதிர்காலம், கட்டினது கடந்தகாலம்.

23 பிப்ரவரி, இரவு 9.00 · மாசக்கடைசி

வெட்ட வேண்டியவை முடிவாகிவிட்டன. ரத்து செய்யும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

23 பிப்ரவரி, இரவு 9.35 · வரவுசெலவு

ரத்துப் பக்கத்தின் நடுவில் தள்ளுபடி நீட்டுவார்கள். அதை ஏற்றால் சில இடங்களில் ரத்து நின்றுவிடும், சில இடங்களில் புதிய ஆண்டு ஒப்பந்தமே தொடங்கிவிடும், அதனால் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய விலையில் ஓடும் சந்தாவை விட்டால் திரும்பச் சேரும்போது இன்றைய விலைதான், அப்படிப்பட்டதைக் கடைசியில் வையுங்கள். "உங்கள் சந்தா இந்தத் தேதியோடு முடிகிறது" என்ற வரி வரும்வரை பக்கத்தை மூடாதீர்கள், அந்த வரியைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறுதி மெயில் ஒரு நாளுக்குள் வராவிட்டால் மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் கடைசிப் பொத்தான் அமுக்கப்படாமல் நிற்கும். அடுத்து பிடிக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் கழித்து ஸ்டேட்மென்ட் பாருங்கள். அதற்குள் பிடித்திருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து. பதில் இல்லை என்றால் வங்கியில் அந்தத் தொகைக்கு மறுப்புத் தெரிவிக்கலாம், அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் ஆறப்போட வேண்டாம்.

23 பிப்ரவரி, இரவு 9.50 · பழைய மோடம்

ரத்து பண்ணினதும் அந்தக் கணக்குல சேமிச்சு வெச்சிருக்கிற கார்டையும் நீக்கிடுங்க. சில இடத்துல சந்தா ஓடும்போது நீக்க விடாது. முடியற தேதியை எழுதி வெச்சு, அன்னைக்குப் போய் நீக்குங்க.